கொட்டாப்புளிச் சத்தம்

ஆடி அமாவாசைக்கு ஏரல் பிதுங்கும். சேர்மன் அருணாசல சுவாமி கோயிலுக்கு வரும் கூட்டம் ஆற்றங்கரை முழுக்க நிறைந்திருக்கும். அதே ஆடியில் தூத்துக்குடிக் கரையில் வேறொரு வேலை நடக்கும். தென்மேற்குக் காற்று ஓங்கும் காலம் சரக்குத் தோணிகளுக்கு ஓய்வு. ஒழுகும் தோணியைக் கரையேற்றிக் கலப்பத்து அடிப்பதற்கும் அதுதான் தோது.

பலகைக்கும் பலகைக்கும் இடையே உள்ள இடுக்கை நீர் புகாமல் அடைப்பதுதான் கலப்பத்து. சொன்னால் ஒரு வரி, அடித்தால் ஒரு வாரம். கறுத்து மக்கிய பழைய பஞ்சைக் கொக்கியால் கிண்டி எடுத்து, இடுக்கைச் சுத்தம் செய்கிறார்கள். புதுப் பஞ்சைத் திரியாக முறுக்கி, எண்ணெயில் தோய்த்து, மழுங்கிய வாயுள்ள உளியை அதன்மேல் வைத்துக் கொட்டாப்புளி என்னும் மரச்சுத்தியலால் அடிக்கிறார்கள். அதற்கு மேல், எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியப் பூச்சு.

கண்ணை மூடிக்கொண்டு கேட்கவேண்டிய இடம் அந்த அடிதான். திரி உள்ளே இறங்காதவரை 'பொத்... பொத்...' என்று மந்தமாகக் கேட்கும். இறுகத் தொடங்கியதும் சத்தம் கெட்டிப்படும். தேர்ந்த ஓடாவி, அதாவது தோணித் தச்சர், அந்த இடத்தில் நிறுத்திவிடுவார். இன்னும் நாலு அடி போட்டால் நல்லதுதானே என்று நமக்குத் தோன்றும். கூடாது. காய்ந்த மரம் தண்ணீரில் இறங்கியதும் ஊறிப் பருக்கும். அதற்கு இடம் விடாமல் பஞ்சைத் திணித்தால், பருத்த பலகை ஆணியையே நெட்டித் தள்ளும். இறக்கிய முதல் நாள் கொஞ்சம் தண்ணீர் ஊறினால் தோணித் தலைவரான தண்டல் பதறுவதில்லை. மரம் தன் பங்கு வேலையைச் செய்ய அவகாசம் வேண்டுமல்லவா?

அடைப்பதைவிடச் சிரமம், ஓட்டையைக் கண்டுபிடிப்பது. நீர் ஓரிடத்தில் புகுந்து, வங்குக்கால் என்னும் விலாக்கட்டை ஓரமாகவே நடந்து, வேறோர் இடத்தில் சொட்டும். உள்ளே ஈரம் தெரிகிற இடத்தை அடைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறவன் ஏமாறுவான். அதனால் சிறு படகைக் கரையேற்றி, உள்ளே தண்ணீர் ஊற்றி, வெளிப்பக்கம் எங்கே முத்துக் கட்டுகிறது என்று பார்ப்பது பழைய உபாயம்.

இதே உபாயத்தைக் கடல்விமானக்காரர்களும் கையாளுகிறார்கள். நம் தோணிகள் 200, 300 டன் சரக்கோடு போய் நிற்கும் மாலத்தீவில், அறுபதுக்கும் மேற்பட்ட ட்வின் ஆட்டர் விமானங்கள் அலுமினிய மிதவைகளின்மேல் பறந்து திரிகின்றன. மிதவைக்குள் தனித்தனி அறைகள். பறக்குமுன் ஒவ்வோர் அறையிலும் கைப்பம்பை வைத்து நீரை இறைப்பார்கள். வழக்கத்தைவிட அதிகத் தடவை இழுக்கவேண்டி வந்தால், எங்கோ ஒரு ரிவெட் தளர்ந்துவிட்டது என்று பொருள். எது என்று அறிய, அந்த அறையில் தண்ணீர் ஊற்றி வெளியே பார்ப்பார்கள். கொட்டகை இல்லாத கரையில், தளர்ந்த ரிவெட்டின் தலையில் ஒருவர் தட்ட, மறுபக்கம் இன்னொருவர் இரும்புக்கட்டியை அண்டக் கொடுப்பார். இண்டுகளில் உப்பைக் கழுவி, ஈரம் போக உலர்த்தி, அடைப்புப் பசை பூசி, அது இறுகும்வரை காத்திருப்பார்கள். பசை பூசுவது சுலபம். காத்திருப்பதில்தான் ஆள் தெரியும்.

அந்த வேலையும் எனக்குப் பிடிக்கும். ஆனால் அவர்களுக்கு ஒரு காப்பு இருக்கிறது. விமானத்தைத் தாங்கத் தேவையானதைவிட மிதவைகளுக்கு 80 சதவீதம் கூடுதல் மிதப்பு வேண்டும். ஒரு மிதவையின் எந்த இரண்டு அறைகளில் நீர் நிறைந்தாலும் விமானம் மூழ்கக் கூடாது என்பது விதி. தோணிக்கு அந்தச் சலுகை இல்லை. வயிறு முழுக்க ஒரே அறை. அடியில் ஓரிடம் பிசகினாலும் சிமெண்டும் காய்கறியும் நனையும், ஆளுக்கும் ஆபத்து.

வள்ளங்கள் பெரும்பாலும் ஃபைபருக்கு மாறிவிட்டன. ஓட்டை விழுந்தால் துணி ஒட்டிப் பசை தடவினால் முடிந்தது. உபயோகம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை, ரசிக்கவும் ஒன்றுமில்லை. தோணி உலகத்தை எழுத்தாளர் ஜோ டி குருஸ் 'கொற்கை' நாவலில் விரிவாக எழுதி, 2013இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றார். ஏரலுக்குப் பக்கத்து ஊரின் பெயர் அது.

புதுத் தோணி கட்டுகிறவருக்குக் கிடைக்கும் மாலையும் மரியாதையும் கலப்பத்துக்காரருக்குக் கிடைப்பதில்லை. கட்டுகிறவர் தனக்குப் பிடித்த பலகையைத் தேர்ந்தெடுக்கலாம். இவருக்கோ யாரோ கட்டி, கடல் பல வருஷம் உலுக்கிய உடம்புதான் கிடைக்கிறது. இரண்டு பேரில் யார் பெரிய கலைஞர் என்று என்னைக் கேட்டால், கொட்டாப்புளியை எந்த அடியோடு நிறுத்துவது என்று தெரிந்தவரைத்தான் சொல்வேன்.