கப்பல் கூலி யார் தலையில்?

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே கடலடிக் கேபிள் பயன்பாட்டுக்கு வந்தது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளக் கேபிள். போர்ட் பிளேரோடு நிற்காமல் ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் வரைக்கும் போயிற்று. அதுவரை செயற்கைக்கோளை நம்பி, ஒரு படம் திறப்பதற்குள் பொறுமை இழந்துகொண்டிருந்த தீவுவாசிகளுக்கு அது பெரிய விடுதலை. அதன் விளைவுகளில் ஒன்றைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசவில்லை. போர்ட் பிளேரின் அபர்தீன் பஜாரில் மிக்ஸி வாங்க நிற்பவர் கைக்கு, சென்னையில் அதே மிக்ஸி விற்கும் விலை ஒரு நொடியில் வந்துவிடுகிறது. மிக்ஸியோ இன்னும் கப்பலில்தான் வருகிறது. சுமார் 1,200 கிலோமீட்டர் கடல்; பயணிகள் கப்பலுக்கே மூன்று நாள் ஆகும். சரக்குக்கு ஏற்ற ஒரு காத்திருப்பு, இறக்க இன்னொரு காத்திருப்பு. தீவுக் கடைகளில் விலை குறித்தும் ரிட்டர்ன் குறித்தும் இன்று நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை, விலை கேபிளில் வருவதாலும் சரக்கு கப்பலில் வருவதாலும் பிறந்தவை.

சண்டையின் வடிவம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வாடிக்கையாளர் போனை நீட்டுகிறார்: “இதுல இவ்வளவுதான் போட்டிருக்கு. இதே விலைக்குக் குடுங்க.” கடைக்காரர் சொல்கிறார்: “அப்ப அதுலயே வாங்கிக்கோங்க. கப்பல் கூலி யாரு குடுப்பா?”

இது புதிய வழக்கம் போலத் தோன்றினாலும் நமக்குப் பழகிய பேரத்தின் அடுத்த படிதான். “பக்கத்துக் கடையில் இதைவிடக் குறைச்சுச் சொன்னான்” என்பதைக் கேட்காத தமிழ்க் கடைக்காரர் யாரும் இருக்க முடியாது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பக்கத்துக் கடைக்காரரும் அதே கப்பலில் சரக்கு இறக்கியவர், அதே பஜாரில் வாடகை கொடுப்பவர். அவர் குறைத்துத் தருகிறார் என்றால் இவரும் குறைக்கலாம் என்ற வாதத்துக்கு அடிப்படை இருந்தது. போனில் தெரியும் விலைக்குரிய சரக்கு சென்னைக்கு வெளியே ஏதோ ஒரு கிடங்கில் இருக்கிறது. அதற்கும் அபர்தீன் பஜாருக்கும் நடுவில் வங்கக் கடல் இருப்பதைப் போன் திரை காட்டுவதில்லை.

இதைச் சொன்னதும் நான் கடைக்காரர் பக்கம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். விலையை ஒப்பிட்டுக் கேட்பது வாங்குபவருக்குக் கிடைத்திருக்கும் உண்மையான பலம். ஒப்பிட அடுத்த கடையே இல்லாத சந்தை எப்படி இருக்கும் என்று அறிய நிக்கோபார் போனால் போதும். அங்கே துணிக்கும் அரிசிக்கும் தேங்காயில் விலை பேசிய காலம் உண்டு. கப்பலோடு வந்த வணிகர் சொன்னதுதான் மாற்று விகிதம். பழங்குடியினர் பாதுகாப்புக்கான 1956-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டம் வெளியார் அங்கே வணிகம் செய்வதை அனுமதிக்குக் கட்டுப்படுத்தியது. பின்னர் கூட்டுறவுச் சங்கங்கள் கொப்பரை வணிகத்துக்கு வந்தன. விலை சொல்பவர் ஒருவரே என்றால் கேட்பவருக்கு வாய் இல்லை. கேபிள் வந்ததும் அந்த வாய் வந்தது. “தீவு, அப்படித்தான் இருக்கும்” என்ற ஒற்றை வாக்கியத்தை வைத்து எந்தப் பொருளுக்கும் எவ்வளவும் ஏற்றிச் சொல்லும் வழக்கம் இப்போது முன்போல எடுபடாது. அந்த அளவில் போனை நீட்டுவது நியாயமே.

இதற்கு முன்பே அரசு செய்து வைத்திருக்கும் ஒரு ஏற்பாட்டையும் இங்கே கவனிக்க வேண்டும். பொட்டலப் பொருள்களின் மேல் எல்லா வரிகளும் உள்ளடங்கிய அதிகபட்சச் சில்லறை விலையை, அதாவது எம்.ஆர்.பி.யை, அச்சிடும் முறை 1990-இல் கட்டாயமானது. அதற்கு முன் “உள்ளூர் வரிகள் தனி” என்று போட்டுவிட்டால் வரியின் பெயரில் கடைக்காரர் என்ன சேர்க்கிறார் என்பது வாங்குபவருக்குத் தெரியாது. 2018 ஜனவரி முதல் ஒரே பொருளுக்கு இடத்துக்கு ஒரு எம்.ஆர்.பி. அச்சிடுவதும் தடுக்கப்பட்டது. ஆகவே தாம்பரத்தில் விற்கும் பிஸ்கட்டும் போர்ட் பிளேரிலிருந்து இன்னும் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தெற்கே கேம்ப்பெல் பேயில் விற்கும் பிஸ்கட்டும் ஒரே உச்ச விலைக்குக் கட்டுப்பட்டவை. நாடு முழுவதற்குமான விலைச் சமன் உத்தரவாதம் என்றே இதைச் சொல்லலாம். தீவின் ஏழைக்கு இது பெரிய பாதுகாப்பு.

ஆனால் இந்தப் பாதுகாப்புக்கு ஆகும் செலவு கணக்கில் எங்கேயும் தெரிவதில்லை. தாம்பரம் கடைக்காரர் எம்.ஆர்.பி.யிலிருந்து இறங்கி விற்க இடமிருக்கிறது. கேம்ப்பெல் பேக் கடைக்காரருக்குக் கப்பல் கூலி, ஏற்றிறக்குக் கூலி, வழியில் உடைந்தது, நனைந்தது எல்லாம் அந்த ஒரே இடைவெளிக்குள் அடங்க வேண்டும். அடங்காதபோது அவர் இரண்டில் ஒன்றைச் செய்வார்: லாபம் மெலிந்த சரக்கை எடுப்பதையே நிறுத்துவார்; அல்லது எம்.ஆர்.பி. அச்சிடாத காய்கறி, உதிரி அரிசி, கட்டுமானச் சாமான் போன்றவற்றில் ஈடுகட்டுவார். பிஸ்கட்டில் மிச்சம் பிடித்த வாடிக்கையாளர் தக்காளியில் அதைத் திருப்பிக் கொடுத்திருக்கக்கூடும். “குளிர்ச்சிக் கட்டணம்” என்று தண்ணீர் பாட்டிலில் இரண்டு ரூபாய் கூடுதலாகக் கேட்பது சட்டவிரோதம்தான், அதில் சமரசம் வேண்டாம். அந்த இரண்டு ரூபாய்க்குப் பின்னால் ஒரு கப்பல் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

போட்டிக் கடையின் விலைக்கே தருகிறோம் என்று கடைகளே முன்வந்து அறிவிக்கும் வழக்கம் அமெரிக்காவில் வலுவாக வளர்ந்தது. கடைக்கு வந்து பொருளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் இணையத்தில் வாங்குகிறவர்களைத் தடுக்க ‘பெஸ்ட் பை’ நிறுவனம் 2013-இல் இணைய விலைக்கு இணையாகத் தருவதை நிரந்தரக் கொள்கையாக்கியது. 2014 நவம்பரில் வால்மார்ட்டும் இறங்கியது. சில நாள்களுக்குள் ஒரு கூட்டம் அமேசானில் போலி விற்பனையாளர் பக்கம் ஒன்றைத் திறந்து, 400 டாலர் மதிப்புள்ள பிளேஸ்டேஷன் 4 கருவிக்கு 100 டாலருக்கும் குறைவாக விலை போட்டு, அந்தத் திரையைக் கடையில் காட்டிப் பொருளை வாங்கிக்கொண்டு போனது. வால்மார்ட் உடனே மூன்றாம் தரப்பு விற்பனையாளர்களின் விலையை ஏற்க மாட்டோம் என்று விதியைத் திருத்திக்கொண்டது. இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. எல்லாக் கடையும் எல்லாக் கடையின் விலைக்கும் இணையாகத் தருவதாகச் சொல்லிவிட்டால் முதலில் விலையைக் குறைப்பவருக்கு என்ன ஆதாயம்? பொருளியலாளர் ஸ்டீவன் சாலப் 1986-லேயே இந்தக் கேள்வியை எழுப்பினார்: வாடிக்கையாளருக்கான சலுகை போலத் தெரியும் இந்த உத்தரவாதம் கடைகள் தமக்குள் போட்டியைத் தணித்துக்கொள்ளவும் உதவும் என்றார். ஏமாற்றுவது வாடிக்கையாளர் மட்டும் என்று நினைப்பவர்கள் இதையும் படிக்க வேண்டும்.

அந்தமானில் பெரும்பாலான கடைகளுக்கு இப்படி எழுதப்பட்ட கொள்கை எதுவும் இல்லை. வாய்ப்பேச்சுதான் கொள்கை. அதனால்தான் துஷ்பிரயோகத்துக்கும் இடம் அதிகம். தள்ளுபடி நாளில் எடுத்த பழைய ஸ்கிரீன்ஷாட், குறிப்பிட்ட வங்கி அட்டைக்கு மட்டும் கிடைக்கும் விலை, பழுது நீக்கி விற்கும் பொருளின் விலை என்று எதையும் காட்டிப் பேரம் பேசலாம். இதற்கு ஒரு நேர்மையான சோதனை உண்டு; கடைக்காரர்கள் இதைக் கேட்கத் தொடங்கினால் பாதிச் சண்டை அங்கேயே தீரும். “உங்க பின்கோடைப் போட்டுக் காட்டுங்க.” தீவுகளின் அஞ்சல் குறியீடு எல்லாம் 744 என்று தொடங்குபவை. அதைத் தட்டியதும் பல பொருள்களுக்கு “இந்த இடத்துக்கு அனுப்ப இயலாது” என்று வந்துவிடும். சிலவற்றுக்கு டெலிவரி நாள் வாரக்கணக்கில் தள்ளிப்போகும். தீவுக்கு வராத பொருளின் விலை தீவுக்கான விலை ஆகாது. பின்கோடு போட்ட பிறகும் அந்த விலையே நின்றால் கடைக்காரர் பதில் சொல்லியாக வேண்டும். அப்போது வாடிக்கையாளர் கேட்பது முழு நியாயம்.

2025 செப்டம்பர் 22 இந்தச் சிக்கலின் இன்னொரு முகத்தைக் காட்டியது. அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின: சோப்பு, ஷாம்பு, பற்பசை 18 சதவீதத்திலிருந்து 5-க்கும், பெரிய தொலைக்காட்சிகளும் குளிர்சாதனக் கருவிகளும் 28-லிருந்து 18-க்கும் இறங்கின. முந்தின வாரம் வாங்கியவர் வித்தியாசத்தைத் திருப்பிக் கேட்டால் அதற்குச் சட்டம் இடம் தரவில்லை. அன்று காலை பழைய எம்.ஆர்.பி. அச்சிட்ட சரக்கை வாங்குபவர் புதிய விலை கேட்டால் அது நியாயம். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துச் சண்டை போட்டவர்கள் நாடெங்கும் இருந்தார்கள். தீவுக் கடையில் ஸ்டாக் மாதக்கணக்கில் நிற்கும். பழைய விலை ஒட்டிய பெட்டிகள் அங்கே சீக்கிரம் தீராது.

ரிட்டர்ன் விஷயத்துக்கு வருவோம். இங்கே என் தராசு வாடிக்கையாளர் பக்கம் சாய்கிறது. அதற்குச் சட்டமே காரணம். “விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது” என்று பில்லின் அடியில் அச்சிடுவதை நம் வணிகர்கள் பிள்ளையார் சுழி போலப் பழக்கிக்கொண்டார்கள். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதையும் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதையும் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் காலக்கெடு இருந்தால் அதற்குள், இல்லையென்றால் 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். அந்த வரியை எவ்வளவு தடித்த எழுத்தில் அச்சிட்டாலும் குறையுள்ள பொருளைப் பொறுத்தவரை அது செல்லாது. பில் தராமல் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுப்பதும் அதே சட்டப்படி தவறே.

சட்டம் சொல்வது குறையுள்ள பொருளைப் பற்றி. மனம் மாறியதைப் பற்றி அது பேசவில்லை. இந்தக் கோட்டைத் தெரிந்தே தாண்டுபவர்கள்தான் கடைக்காரரை முரடராக்குகிறார்கள். கல்யாணத்துக்கு உடுத்திய சேலையை மடிப்புக் கலையாமல் மடித்து, “கலர் பிடிக்கல” என்று கொண்டுவருவது. உறவினர் ஊருக்குத் திரும்பும் வரை மின்விசிறியை ஓட்டிவிட்டு “சத்தம் வருது” என்பது. இது எந்த ஊருக்கும் பொதுவான தந்திரம். அமெரிக்காவின் எல்.எல். பீன் நிறுவனம் வாழ்நாள் முழுவதும் திருப்பிக் கொடுக்கலாம் என்று நூற்றாண்டுக்கு மேலாகச் சொல்லிவந்து, 2018-இல் ஓராண்டாகச் சுருக்கியது. பழைய துணிக் கடைகளில் வாங்கியதைக்கூடக் கொண்டுவந்து மாற்றிப்போனவர்கள் அந்த வாக்குறுதியைத் தின்றுவிட்டார்கள். அவர்கள் செய்த வேலைக்கு நேர்மையான வாடிக்கையாளரும் சேர்த்து விலை கொடுத்தார். தீவில் அந்த விலை இன்னும் கூடும். சென்னைக் கடைக்காரர் திருப்பி வந்த பெட்டியை மறுநாளே டீலருக்கு அனுப்பிவிடலாம். போர்ட் பிளேர் கடைக்காரருக்கு அது இன்னொரு கப்பல் கூலி. திரும்பி வரும்போது மூன்றாவது கூலி. அதனால்தான் உண்மையிலேயே பழுதான பொருளுக்கும் “கம்பெனியைக் கேளுங்க” என்கிறார். இது புரிகிறது; ஏற்க முடியாது. டீலரிடம் கூலியை யார் ஏற்பது என்று பேசி முடிக்க வேண்டியவர் அவர். அந்தத் தகராறு வாங்கியவர் தலையில் விடியக் கூடாது.

இணைய வணிகம் இந்த இடத்தில் கடைக்காரரைவிட மோசம் என்பது என் எண்ணம். தீவுக்குப் பொருளை அனுப்பிவிட்டு, குறை என்றதும் “உங்கள் பகுதியில் பிக்கப் வசதி இல்லை, நீங்களே அனுப்புங்கள்” என்றால் அனுப்புவது எப்படி? லித்தியம் பேட்டரி உள்ள பொருள்களை விமானச் சரக்கில் ஏற்றக் கட்டுப்பாடுகள் உண்டு. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் குறையுள்ள, விளம்பரத்தோடு ஒத்துவராத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்கின்றன. திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றும் சொல்கின்றன. சொன்ன நாளுக்குப் பிந்தி வந்தாலும் திருப்பலாம். இயற்கைச் சீற்றம் போன்ற கட்டுக்கடங்காத காரணத்தால் தாமதமானால் மட்டும் விலக்கு. மழைக்காலத்தில் கடல் கொந்தளித்துக் கப்பல் நின்றால் அந்த விலக்கு நியாயம். விற்பனையாளர் பார்சலை அனுப்பவே இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு அந்தமான் கடலின் மேல் பழி போட்டால் நியாயமில்லை.

தீவு வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. குறையுள்ள பொருளைக் கடையோ நிறுவனமோ திரும்பப் பெற மறுத்தால் விற்பவரின் ஊருக்கு ஓட வேண்டியதில்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போட 2019 சட்டம் வழி தந்திருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிடுங்கள். கையில் பில் இருக்கட்டும். கடையில் போனை நீட்டுவதற்கு முன் 744-ஐத் தட்டிப் பாருங்கள்.