குறி கேட்டவன்

பராசக்தி (1952) தந்த கிருஷ்ணன்–பஞ்சு என் செவிகளுக்குப் படம் பார்க்கக் கற்பித்தனர். வசனத்தை மனப்பாடம் செய்வதே கலையறிவு என்றிருந்தேன். கண்களைத் திறந்தவர் இத்தாலிய இயக்குநர் டி சிக்கா.

அவரது ‘சைக்கிள் திருடர்கள்’ (1948) படத்தில், சுவரொட்டி ஒட்டும் வேலை பெற்றவன், குறிகாரிக்குக் காசு கொடுக்கப் போன மனைவியைக் கேலி செய்கிறான். சைக்கிள் களவு போன பின்னரோ, மகனோடு அதே வாசலில் அவனே நிற்கிறான்! இன்றே கிடைக்கும், இல்லையேல் என்றுமே கிடைக்காது என்கிறாள் அவள். அதற்கும் காசு!

எள்ளி நகையாட எளிய காட்சி. டி சிக்கா நகைக்கவில்லை. வேலை பறிபோகும் அச்சமன்றோ அவனை அங்கே தள்ளிற்று? அவனாக நடித்தவரும் ஆலைத் தொழிலாளியே. ஏமாந்தவனைக் கோமாளியாக்கும் நம் படங்கள் அவன் வயிற்றைக் காட்டியதுண்டா? மேடையில் நானும் அப்படிப் பேசியவன்தான்.

மறுநாள், தாயத்துக் கட்டி வந்த மாணவனிடம், கழற்று என்னுமுன், வீட்டில் யாருக்கு நோய் என்று கேட்டேன்.