திண்ணை கட்டினால் ஊராகுமா?

பழைய கிராமத்தின் சாயலில் வீடுகளைக் கட்டிவிட்டால் பழைய கிராமத்தின் ஒற்றுமையும் தானே வந்து சேரும் என்னும் கொள்கை உலகெங்கும் பரவி வருகிறது. இங்கிலாந்தில் டார்செஸ்டர் நகரையொட்டி 1993-ல் கட்டத் தொடங்கிய பவுண்ட்பரி இதற்குப் பெயர்பெற்ற உதாரணம். குறுகிய தெரு, வீட்டோடு கலந்த கடை, நடந்தே போகும் தூரத்தில் சகல சௌகரியம் என்பன அதன் இலட்சணங்கள். நம் நாட்டிலும் மஸ்லின் கஸாலி என்னும் கட்டடக் கலைஞர், சிறு தோட்டத்தைச் சுற்றி வீடுகள் முகம் பார்த்து நிற்கும் தேன்கூட்டு அமைப்பை வகுத்தார். நோக்கம் நல்லதே. பிள்ளைகள் மோட்டாருக்கு அஞ்சாமல் விளையாடுவதை யார் வெறுப்பர்? ஆயினும் கொள்கையின் அடிப்படையை ஆராயாமல் ஒப்புதல் அறிவுடையோர்க்கு அழகன்று.

ஷா ஆலத்தையே எடுத்துக்கொள்வோம். முன்பு அது சுங்கை ரெங்கம் என வழங்கிய ரப்பர், செம்பனைத் தோட்டப் பகுதி. கோலாலம்பூர் 1974-ல் கூட்டரசுப் பிரதேசமானபின், 1978-ல் ஷா ஆலம் சிலாங்கூரின் தலைநகராயிற்று. செக்‌ஷன் செக்‌ஷனாக எண்ணிட்டுத் திட்டமிட்ட நகரம் எழுந்தது.

நிற்க. இன்றைய நிபுணர் கனவு காண்பனவெல்லாம் தோட்டத்து லயங்களில் முன்பே இருந்தன. எதிரெதிர் வாசல், பொதுக் குழாய், கோயில் திடல், தமிழ்ப் பள்ளி, நடை தூரத்தில் வேலை. ஒரு வீட்டில் இழவென்றால் லயமே திரண்டு நிற்கும். ஆனால் அவ்வாழ்வைப் புகழ்ந்து பாடுவோர், கள்ளுக்கடையையும் ஜாதி வேற்றுமையையும் சொல்லாமல் விடுகின்றனர். இவற்றினும் பெருங்குறை ஒன்றுண்டு. வீடு தொழிலாளிக்குச் சொந்தமன்று. வேலை போனால் வீடும் போகும். தோட்டம் விலைபோனால் ஊரே போகும். வாசல்கள் எதிரெதிரே இருந்தும் ஊர் கலைந்தது. ஆகவே ஊரைக் காப்பது சுவரின் உருவமன்று, குடியிருப்போரின் உரிமையே என்பது தெளிவு. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் துன் வீ. தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவி, தொழிலாளரின் சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்க முற்பட்டதன் கருத்தும் இதுவே.

உரிமை மட்டும் போதுமா? போதாது. 2009 ஆகஸ்டில், ஷா ஆலம் செக்‌ஷன் 19-லிருந்த கோயிலை செக்‌ஷன் 23-க்கு மாற்றும் யோசனையை எதிர்த்துச் சிலர் பசுவின் தலையை ஏந்தி ஊர்வலம் வந்தனர். வரைபடத்தில் அண்டை அயலாராயிருத்தல் வேறு. மனத்தில் அண்டை அயலாராயிருத்தல் வேறு. பின்னதை எந்தச் சிற்பியும் வரைந்து தர முடியாது. பல மதத்தாரும் ஒன்றாயமர்ந்து தம் தெருவின் காரியங்களைத் தாமே பேசி முடிக்கும் பழக்கத்தினின்றே அது பிறக்கும்.

திண்ணை வேண்டாம் என்பதன்று நமது வாதம். முதலில் ஏழைக்கு எட்டும் விலையில் வீட்டையும், அவன் பெயரில் பட்டாவையும், தெருக் காரியத்தில் அவனுக்கொரு குரலையும் கொடுங்கள். திண்ணையில் அமர்ந்தவனை "எழுந்து போ" என்று சொல்ல எவனுக்கும் உரிமையில்லை என்னும் நிலையை உண்டாக்குங்கள். அதன்பின் திண்ணை கட்டுங்கள். ஊர் தானே கூடும்.