கொட்டகையில் தோற்றவை

ஆறு வாரமாக வெள்ளிக்கிழமை இரவுகளில் அக்கா மகளோடு உட்கார்ந்து பழைய அனிமேஷன் படங்களாகப் பார்த்துத் தீர்த்தேன். அவளுக்கு ஒன்பது வயது. நான் பொறுக்கி எடுத்தவை எல்லாம் 1982க்கும் 1992க்கும் இடையில் கையால் வரையப்பட்ட மாயக்கதைகள்: ஆந்தையிடம் யோசனை கேட்கப் போகும் எலி, உலகத்தில் மிஞ்சிய ஒரே ஒற்றைக்கொம்புக் குதிரை, செத்தவர்களை எழுப்பும் கொப்பரை, வானத்தில் மிதக்கும் கோட்டை, ஜப்பானியரும் நம்மவரும் சேர்ந்து வரைந்த இராமன். என் வயதுக்காரர்கள் இந்தப் படங்களின் பெயரைச் சொன்னாலே குரல் குழைந்துபோவார்கள். அந்தக் காலத்துப் படம் மாதிரி வருமா என்பார்கள். சரி, அந்தக் காலம் இவற்றை எப்படி வரவேற்றது என்று பார்த்தால், அனேகமாக வரவேற்கவே இல்லை. கொட்டகையில் ஒன்று சுமாராக ஓடியது, ஒன்று மண்ணைக் கவ்வியது, ஒன்று சொந்த நாட்டிலேயே ஒழுங்காக வெளியாகவில்லை. நாம் ஏங்குகிற அந்தக் காலம் தியேட்டருக்குள் இருந்ததல்ல. கேசட்டிலும் டிவியிலும், ஒரே படத்தை இருபது தடவை பார்க்க நேர்ந்த விடுமுறைப் பகல்களிலும் இருந்தது.

'தி சீக்ரெட் ஆஃப் நிம்' (1982) படத்திலிருந்து தொடங்கினோம். டிஸ்னியில் வேலை பார்த்த டான் பிளூத், கேரி கோல்ட்மன், ஜான் பொமராய் மூவரும் 1979 செப்டம்பரில் ராஜினாமா கொடுத்துவிட்டு, கூடவே ஒரு கூட்டம் ஓவியர்களையும் கூட்டிக்கொண்டு வெளியேறி எடுத்த முதல் முழுநீளப் படம் இது. டிஸ்னியில் செலவைக் குறைக்கிறேன் என்று நிழல், நீர்ப் பிரதிபலிப்பு போன்ற பழைய நுணுக்கங்களையெல்லாம் கைவிடுகிறார்கள் என்பது அவர்களின் ஆற்றாமை. வேலையில் இருந்தபோதே பிளூத்தின் வீட்டுக் கார் ஷெட்டில் இரவுகளில் கூடி அந்த வித்தைகளைத் தாங்களாகவே பழகியவர்கள். கதை ராபர்ட் சி. ஓ'பிரையன் எழுதிய, நியூபெரி பதக்கம் வாங்கிய சிறுவர் நாவல். நாவலில் எலியம்மாவின் பெயர் ஃபிரிஸ்பி. எறிந்து விளையாடும் தட்டுக்கு அந்தப் பெயரில் வணிகமுத்திரை இருந்ததால் பிரிஸ்பி ஆக்கினார்கள். அதற்குள் குரல்பதிவு முடிந்திருந்தது. ஒலித்தொகுப்பாளர்கள் ஒவ்வொரு இடமாகத் தேடி முதல் எழுத்தின் ஓசையை மட்டும் வெட்டி ஒட்டினார்கள்.

பிரிஸ்பி ஒரு விதவை. நாலு குழந்தைகள், கடைசிப் பையனுக்கு நிமோனியா. விவசாயி உழ வருவதற்குள் வீட்டை நகர்த்தியாக வேண்டும். மந்திர வாளோ, ராஜ ரத்தமோ கிடையாது. சாகசப் படத்துக்கு இப்படி ஒரு நாயகியை வைக்க இன்றைக்கும் ஆள் கிடைப்பது கஷ்டம். அவள் பெரிய ஆந்தையைப் பார்க்கப் போகும் காட்சிதான் படத்தின் உச்சம் என்று நினைக்கிறேன். செத்த மரத்தின் பொந்துக்குள் சிவப்புப் போர்வையோடு நுழைகிறாள். எங்கும் நூலாம்படை, எலும்புகள். பின்னால் ஒரு சிலந்தி ஊர்ந்து வருகிறது. அவள் திரும்பிப் பார்க்குமுன் ஒரு நகக்கால் இறங்கி அதை நசுக்குகிறது. பிறகு இருட்டில் இரண்டு கண்கள் மஞ்சளாக எரிகின்றன. அந்த எரிப்பு வர்ணத்தில் வருவதில்லை. கண்ணின் வடிவத்தை மட்டும் வெட்டியெடுத்த கறுப்புத் தாளைக் கேமராவுக்குக் கீழே வைத்து, அடியிலிருந்து விளக்கடித்து, ஏற்கெனவே படமான அதே ஃபிலிமை மறுபடி ஓட்டிப் பதிவு செய்வார்கள். ஆகவே திரையில் தெரிவது நிஜ வெளிச்சம். பழைய கேசட் பிரதியில் இந்தக் காட்சி வெறும் சேறு மாதிரி இருக்கும். இப்போதைய பிரதியில்தான் நூலாம்படையின் இழைகளைப் பார்த்தேன். ஜெர்ரி கோல்ட்ஸ்மித் முதன்முதலாக ஓர் அனிமேஷன் படத்துக்கு இசையமைத்தது இதற்குத்தான்.

குறை இல்லாமல் இல்லை. நாவலில் எலிகள் விஞ்ஞானத்தால் அறிவு பெற்றவை. படத்தில் பிளூத் ஒரு மாயக்கல்லைக் கொண்டுவந்து நுழைக்கிறார். கடைசியில் தாயின் தைரியம் செய்ய வேண்டிய வேலையை அந்தக் கல் செய்துவிடுகிறது. 70 லட்சம் டாலர் செலவில் எடுத்த படம் அமெரிக்காவில் வசூலித்தது 1.4 கோடியை ஒட்டி. அதே கோடையில் 'ஈ.டி.' ஓடிக்கொண்டிருந்தது, யாரைக் குறை சொல்ல?

அதே ஆண்டு நவம்பரில் வந்தது 'தி லாஸ்ட் யூனிகார்ன்'. பீட்டர் எஸ். பீகிள் தன் 1968ஆம் ஆண்டு நாவலுக்குத் தானே திரைக்கதை எழுதினார். ஓவியத்தரத்தில் இது நிம்முக்குப் பக்கத்தில் நிற்காது. அசைவுகள் வெட்டி வெட்டி வருகின்றன. ஜெஃப் பிரிட்ஜஸ் பாடத் தொடங்கும்போது தண்ணீர் குடிக்க எழுந்துபோகலாம். வசனம்தான் தாங்குகிறது. அதைப் பேச வந்தவர்களுக்கும் அது தெரிந்திருந்தது: கிழட்டு அரசன் ஹேகர்டுக்குக் குரல் கொடுத்த கிறிஸ்டோஃபர் லீ, விட்டுவிடக் கூடாத இடங்களைக் குறித்துவைத்த தன் சொந்தப் பிரதியோடு ஒலிப்பதிவுக்கு வந்தார். ஜெர்மன் பதிப்புக்கும் அவரே பேசினார்.

இதில் ஒரு சூனியக்காரி ஊர் ஊராக மிருகக் காட்சி நடத்துகிறாள். கிழட்டுச் சிங்கத்தை மந்திரத்தால் பயங்கர மிருகமாகக் காட்டிக் காசு வாங்குகிறாள். நிஜமான ஒற்றைக்கொம்பி அவள் கையில் சிக்கியதும் ஒரு வேடிக்கை: ஜனங்களுக்கு அதன் கொம்பு தெரிவதில்லை, வெள்ளைக் குதிரையாகத்தான் தெரிகிறது. ஆகவே நிஜக் கொம்பின் மேல் ஒரு பொய்க்கொம்பை ஏற்றிவைக்கிறாள். சிறுவயதில் இது எனக்கு விளங்கவே இல்லை. இன்னொரு காட்சியும் அப்படித்தான். காட்டுக் கொள்ளையரோடு வாழ்ந்து முகம் வாடிப்போன மோலி, ஒற்றைக்கொம்பியைப் பார்த்ததும் பரவசப்படாமல் சண்டைக்குப் போகிறாள். நான் சின்னப்பெண்ணாக இருந்தபோது வராமல் இப்போது, இந்தக் கோலத்தில் இருக்கும்போது ஏன் வந்தாய் என்பது அவள் கேள்வி. குழந்தைப் படம் என்று பெயர் வைத்து இதை எழுத அசாத்தியத் துணிச்சல் வேண்டும். படம் கொட்டகையில் சோபிக்கவில்லை. ஜெர்மனியில் கிறிஸ்துமஸ் சமயத்தில் டிவியில் போட்டுப் போட்டே அது குடும்பச் சொத்தாகிவிட்டது.

'தி பிளாக் கால்ட்ரன்' (1985) பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 4.4 கோடி டாலர் செலவு, அமெரிக்க வசூல் 2.1 கோடி. டிஸ்னிக்குப் புதிதாக வந்த ஜெஃப்ரி காட்சன்பெர்க் படத்தைப் பார்த்து மிரண்டு, 12 நிமிடங்கள் போல வெட்டச் செய்தார். ஒவ்வொரு அடியும் கையால் வரைந்த படத்தில் வெட்டுவதற்கென்று உபரி இருக்காது. பிணப்படை எழும் இடத்தில் இசை தாவிக் குதிப்பதை இப்போதும் கேட்கலாம். அந்தப் பச்சைப் புகை ஐந்து நிமிடம் அருமை. நாயகன் மரக்கட்டை. அந்த ஆண்டு கரடிப் பொம்மைகளை வைத்து எடுத்த 'தி கேர் பேர்ஸ் மூவி'யே இதைவிட அதிகம் வசூலித்தது. டிஸ்னி வெட்கப்பட்டு 1998 வரை அமெரிக்காவில் கேசட்டாகக்கூட விடவில்லை. அதனால் இதற்கு மட்டும் ஒரு விசித்திரமான கதி: வீட்டில் பார்த்து வளர்ந்தவர் இல்லாமல், பார்க்கக் கிடைக்கவில்லையே என்று ஏங்கியவர்களை மட்டும் சம்பாதித்தது. பார்த்தபின் அந்த ஏக்கம் பெரும்பாலும் தீர்ந்துபோகிறது. அக்கா மகள் பாதியில் தூங்கிவிட்டாள்.

ஒற்றைக்கொம்பியை வரைந்தது டோக்கியோவில் இருந்த டாப்கிராஃப்ட் என்ற நிறுவனம். அடுத்து அவர்களே ஜப்பானிய இயக்குநர் மியாசாக்கியின் 'நவுசிகா'வை (1984) வரைந்தார்கள். 1985இல் நிறுவனம் கலைய, அதன் தலைவர் தோரு ஹாராவும் ஓவியர்கள் சிலரும் புதிதாகத் தொடங்கிய ஜிப்லி ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். ஜிப்லியின் முதல் படம்தான் அந்த மிதக்கும் கோட்டையின் கதை, 'லபுட்டா' (1986). வேல்ஸ் நாட்டுக்குப் போய், வேலைநிறுத்தத்தின் சூடு ஆறாத சுரங்க ஊர்களைப் பார்த்துவிட்டு வந்து மியாசாக்கி எடுத்தது. இந்த வரிசையில் ஒன்றுக்குத்தான் இடம் என்றால் நான் இதைத்தான் வைப்பேன், காரணம் துரத்தல்களும் வெடிப்புகளும் இல்லை. கோட்டையில் இறங்கியதும் படம் சத்தத்தை நிறுத்திவிடுகிறது. பாசி படர்ந்த ஓர் எந்திர மனிதன் வந்து குழந்தைகளின் பறக்கும் வண்டியைத் தூக்குகிறான். சண்டை வரப்போகிறது என்று நாம் நிமிர்கிறோம். வண்டிக்கு அடியில் ஒரு பறவைக்கூடு, முட்டைகள். அதற்காகத்தான் தூக்கினான். பிறகு கல்லறையில் வைக்க ஒரு பூவை நீட்டுகிறான். மனிதர் எல்லாரும் போய் எத்தனையோ காலமான இடத்தில் வேலை மட்டும் தொடர்கிறது.

இந்தப் படத்துக்கு 1986இல் 'நவுசிகா'வைவிடக் குறைந்த கூட்டமே வந்தது. அப்புறம் டிவி. ஜப்பானில் இது ஒளிபரப்பாகும் இரவுகளில், கோட்டையைத் தகர்க்கும் 'பால்ஸ்' என்ற மந்திரச் சொல்லை, திரையில் குழந்தைகள் சொல்லும் அதே கணத்தில் ஜனங்களும் ட்விட்டரில் அடிப்பார்கள். 2013 ஆகஸ்டில் ஒரே நொடியில் 1,43,199 பதிவுகள் குவிந்தன. கொட்டகையில் கிடைக்காத கூட்டம் வீட்டுக்குள் அப்படிச் சேர்ந்தது.

வில்லன் மஸ்கா கோட்டையின் நெருப்பாயுதத்தை ஏவிவிட்டு, இதைத்தான் இராமாயணம் இந்திரனின் அம்பு என்கிறது என்று பெருமையடிப்பான். "அது பிரம்மாஸ்திரம் இல்லையா, மாமா?" என்றாள் மருமகள். மியாசாக்கியிடம்தான் கேட்க வேண்டும் என்றேன்.

இராமாயணத்துக்கு வருவோம். 1983இல் அகழாய்வு பற்றி ஆவணப்படம் எடுக்க இந்தியா வந்த யூகோ சாகோ, கதையைக் கேட்டு மயங்கி, இந்திய அனிமேஷனின் முன்னோடி ராம் மோகனைச் சேர்த்துக்கொண்டு எடுத்தது 'இராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா'. 1992இல் முடிந்தது. அயோத்தி பற்றி எரிந்த நேரம்; அந்நியர் நம் கடவுளைக் கார்ட்டூன் ஆக்குவதா என்ற எதிர்ப்பு முன்பே கிளம்பியிருந்தது. 1993 ஜனவரியில் டெல்லி திரைப்பட விழாவில் காட்டினார்கள். கொட்டகைகளில் அதற்கு வாழ்வு அமையவில்லை. பிறகு கார்ட்டூன் நெட்வொர்க்கில் ஓடி ஒரு தலைமுறைக்கே இராமன் முகம் இதுதான் என்று பதிந்தது. 2025 ஜனவரி 24 அன்று 4கே தரத்தில் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் வெளியானபோது போய்ப் பார்த்தேன். அரங்கில் இருபது பேர் இருந்தால் அதிகம். எல்லாம் டிவியில் பார்த்து வளர்ந்த முகங்கள்.

முதல் பாதி அவசரம். அயோத்தியா காண்டம் ரயில் ஜன்னலில் பார்ப்பதுபோல ஓடிவிடுகிறது. கைகேயிக்கு மனசு மாற அவகாசமே இல்லை. இலங்கைக்கு வந்ததும் படம் வேறு ஆளாகிவிடுகிறது. கும்பகர்ணன் எழுந்து வரும் பகுதியில் ஒவ்வொரு அடிக்கும் கனம் இருக்கிறது. தூசியே தாமதமாக எழுகிறது. கம்பன் வழியாக அவனிடம் பாசம் வைத்துவிட்ட நமக்கு, இவன் வெறும் ராட்சசனாக வந்து போவதில் கொஞ்சம் மனக்குறைதான். ஆனால் வேட்டி மடிப்பும் கைகூப்பலும் உறுத்தாமல் இருக்கின்றன. அங்கே ராம் மோகன் தரப்பின் கை தெரிகிறது.

போன வாரம் புதிதாக ஏதாவது போடட்டுமா என்று மருமகளிடம் கேட்டேன். வேண்டாம், அந்த ஆந்தையை மட்டும் இன்னொரு தடவை என்றாள். போட்டேன். அப்புறம் இன்னொரு தடவை. நாலாவது தடவை, முழங்கால்களைச் சோபாவில் மடக்கிக்கொண்டு, சிலந்தி தலைகாட்டுவதற்கு அரைநொடி முன்பே கண்ணை மூடிக்கொண்டாள். நகக்கால் இறங்கும் சத்தம் கேட்டதும் திறந்தாள்.