ஒருவரா திறந்தார் பூட்டை?

போர் என்றதும் பீரங்கி முழக்கமும் குண்டு மழையும் வெற்றி முரசும்தாம் நம் நினைவுக்கு வரும். முழக்கமின்றி, முரசின்றி, தாளும் எழுதுகோலும் படைக்கலமாகக் கொண்டு நடந்த போர் ஒன்றும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படைகள் தம் ஆணைகளை 'எனிக்மா' என்னும் பொறியால் மறைமொழியாக்கி வானொலியில் அனுப்பின. இங்கிலாந்தில், பிளெச்லி பார்க் மாளிகையில் அமர்ந்து அம்மறைமொழியை உடைத்தனர் அறிஞர்கள். அந்தக் கதையைக் கூறுவதாகச் சொல்லி 2014-ஆம் ஆண்டில் வந்த படம் 'தி இமிடேஷன் கேம்'. கிரகாம் மூர் தீட்டிய அதன் திரைக்கதைக்கு ஆஸ்கர் பரிசும் கிடைத்தது.

படத்தில் நயமில்லை என்று நாம் கூறோம். கணித மேதை ஆலன் டூரிங்காக வரும் பெனடிக்ட் கம்பர்பேட்ச் நடிக்கவில்லை, வாழ்ந்து காட்டுகிறார். அம்மேதையின் பெயரையே இப்படத்தால் அறிந்தவர் பலர். ஆயினும், கலை வெல்வதற்காக உண்மை தோற்கத்தான் வேண்டுமா? இதுவே நம் வினா.

படம் காட்டுவது என்ன? தன்னந்தனியாக ஒரு மேதை. அவரைப் புரிந்துகொள்ளாத தோழர்கள். அவரை விரட்டத் துடிக்கும் தலைவர் டெனிஸ்டன். ஓரிரவு, விடுதியில் ஒரு பெண் கூறிய சொல் காதில் விழுகிறது, மேதைக்கு ஒளி பிறக்கிறது, பொறி சுழல்கிறது, எனிக்மா வீழ்கிறது! அவதாரக் கதை கேட்டுப் பழகிய செவிக்கு இது தேனாய் இனிக்கும். வரலாறோ வேறு கூறுகிறது.

1932-ஆம் ஆண்டின் இறுதியிலேயே எனிக்மாவின் உள்ளமைப்பைக் கணித்தறிந்தவர் போலந்து நாட்டு அறிஞர் மரியான் ரெயெவ்ஸ்கி. ஜெர்மானிய அலுவலர் ஒருவரிடம் பிரெஞ்சு உளவுத்துறை விலைகொடுத்துப் பெற்ற ஆவணங்கள் அவருக்குத் துணைநின்றன. 1939 சூலையில், போர் மூள ஐந்து கிழமைகளே இருந்த வேளையில், வார்சா நகருக்கருகே பைரி என்னுமிடத்தில், போலந்து நாட்டார் தாம் கண்டதனைத்தையும் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் வழங்கினர். அங்கே நேரில் சென்று அதைப் பெற்றவர்களுள் ஒருவர் யார் தெரியுமா? படம் கொடியவராகக் காட்டும் அதே டெனிஸ்டன்! இந்தப் போலந்துப் பெருங்கொடையைப் படம் ஓரிரு சொற்களில் கடந்துவிடுகிறது.

டூரிங்கின் அறிவாற்றலைக் குறைப்பது நம் நோக்கமன்று. செய்தியில் இன்ன சொல் இருக்கும் என்று ஊகித்து, அவ்வூகத்தோடு முரண்படும் பொறியமைப்புகளையெல்லாம் விரைந்து தள்ளிவிடும் 'பாம்' எனும் பொறியை வகுத்தது அவர் மூளை. அதை மேலும் கூர்மையாக்கிய மின்சுற்றைத் தந்தவர் கார்டன் வெல்ச்மன். படத்தில் அவர் இல்லை. வரைபடத்தை இரும்பும் கம்பியுமாக்கியவர் லெட்ச்வொர்த் தொழிற்சாலையின் ஹெரால்டு கீன், அவரும் இல்லை. 200-க்கு மேற்பட்ட அப்பொறிகளை இரவு பகலாக இயக்கிய கடற்படை மகளிர் எங்கே? 1945-இல் அங்குப் பணிபுரிந்தோர் ஏறத்தாழ 9000 பேர். நால்வரில் மூவர் பெண்கள். படமோ ஜோன் கிளார்க் ஒருவரை முன்னிறுத்திக் கடமை முடிந்ததென்கிறது.

சர்ச்சிலுக்குத் தனியே மடல் விடுத்துத் தலைமைப் பதவி பெறுகிறார் படத்து டூரிங். உண்மையில், 1941 அக்டோபரில் மடலில் கையொப்பமிட்டோர் நால்வர். அவர்கள் கேட்டது பதவியன்று, பணிக்கு ஆள்!

ஒருவரை உயர்த்தப் பலரை மறைப்பது பிழை. உயர்த்திய அவர்மீதே கறை பூசுவதோ பெரும்பிழை. சோவியத் ஒற்றர் ஜான் கேர்ன்கிராஸ் டூரிங்கின் குழுவிலேயே இருந்தார் என்றும், தம் தன்பாலின விழைவு அம்பலமாகும் என்றஞ்சி டூரிங் வாய்மூடிக் கிடந்தார் என்றும் படம் புனைகிறது. கேர்ன்கிராஸ் ஒற்றர் என்பது மெய். பிளெச்லியில் வேறொரு பிரிவில் பணிபுரிந்ததும் மெய். டூரிங் அவரைக் காத்தார் என்பதற்குச் சான்றேது?

சிந்தித்துப் பாருங்கள். யாருக்கும் தீங்கு செய்யாத அம்மனிதரை 1952-ஆம் ஆண்டில் குற்றவாளியாக்கியது நாட்டின் சட்டம். சிறையா, உடலைக் கெடுக்கும் மருந்தா என்று கேட்டது. மருந்தை ஏற்றார், 1954-இல் நஞ்சால் மாண்டார். 2013-இல் வந்தது அரச மன்னிப்பு — மன்னிக்க வேண்டியவர் யார், மன்னிக்கப்பட வேண்டியவர் யார் என்ற வினாவையும் சுமந்துகொண்டு! அக்கொடுமையைக் கண்டிக்க வந்த படம், செய்யாத குற்றம் ஒன்றையும் அவர் கணக்கில் எழுதலாமா? சட்டம் சாட்டியது போதாதென்று கலையும் சாட்ட வேண்டுமா?

பிளெச்லியில் உழைத்தோர் போர் முடிந்தும் வாய் திறக்கவில்லை. பெற்றோரும் அறியார், பிள்ளைகளும் அறியார். 1974-இல் ஒரு நூல் வெளிவந்த பின்பே பிரிட்டனின் பொதுமக்களுக்குச் செய்தி தெரிந்தது. போர்க்காலத்து மறைவுக்குக் காரணம் இருந்தது; பகைவன் செவி திறந்திருந்தான். இப்போது யார் அஞ்சி இந்த மறைப்பு? அன்று அவர்களை மறைத்தது அரசாணை. இன்று மறைப்பது ஒருவர் கழுத்தில் விழும் புகழ்மாலை.

அறிவியல் வளர்வது அற்புதத்தாலன்று. ஒருவர் கண்டதை மற்றொருவர் திருத்த, பலர் கரம் சேர்ந்து முடிப்பதே அதன் இயல்பு. அதைச் சொல்லத் துணியும் திரைக்கலையே மக்களின் அறிவை மதிக்கும் கலை.