தாய்ப்பாலும் ஊர்க்கண்ணும்

காவிரிப் படுகையில் பால் என்னும் சொல்லுக்கு வயலிலேயே ஒரு மதிப்பு உண்டு. பூத்து முடிந்த நெற்கதிர் மணியாக முற்றுவதற்கு முன்னர், உமிக்குள் வெண்ணிறச் சாறு ஊறி நிற்கும். அதனைப் 'பால் பிடிக்கும் பருவம்' என்பர் உழவர். அந்நாள்களில் வயலில் ஈரம் குறைந்தால் மணி பதராகிவிடும் என்று அஞ்சிக் காவல் இருப்பர். கதிர் நன்றாகப் பால் பிடித்துவிட்டது என்னும் செய்தியைப் பூதலூர்க் கடைத்தெருவில் நின்று உரத்த குரலில் சொல்லி மகிழ்வர். அதே கடைத்தெருவில், பேருந்துக்குக் காத்திருக்கும் இளந்தாய் ஒருத்தி, பசித்து அழும் பிள்ளையை மடியில் கிடத்திப் பாலூட்ட அமர்ந்தால் என்ன நிகழ்கிறது? சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றனர். சிலர் திருப்பாமலே இருக்கின்றனர். "வீட்டிலேயே கொடுத்துவிட்டு வரக்கூடாதா?" என்று முணுமுணுப்போரும் உண்டு. நெற்கதிரின் பாலைப் போற்றும் மண், பெண்ணின் பாலைக் கண்டு ஏன் கூச வேண்டும்? இவ்வினாவுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நன்றியோடு குறிப்பிட வேண்டிய ஒன்று உண்டு. 2015 ஆகஸ்டில், உலகத் தாய்ப்பால் வாரத்தையொட்டித் தமிழக அரசு 352 பேருந்து நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. இந்தியாவில் பிற மாநிலங்கள் பலவற்றுக்கு முன்னரே இங்கே செயல் நடந்தது. பத்தாண்டுகள் கழித்து, 2025 பிப்ரவரியில், பொது இடங்களில் இத்தகைய அறைகள் வேண்டும் என்று கோரிய வழக்கொன்றில், நீதிபதிகள் பி. வி. நாகரத்னா, பி. பி. வராலே ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, மாநிலங்களுக்கு இதனை நினைவூட்டுமாறு மைய அரசைப் பணித்தது. பொது இடத்திலும் பணியிடத்திலும் பாலூட்டுவதை இழிவாகக் கருதலாகாது என்பதையும் அமர்வு வலியுறுத்தியது. அதற்கு முன்னர், 2021இல், கர்நாடக உயர் நீதிமன்றம் பாலூட்டுதல் தாயிடமிருந்து பிரிக்கவொண்ணாத உரிமை என்று தீர்ப்புரைத்தது.

அறை நல்லது. ஆயினும் அறை கட்டியவுடன் நம் கடமை தீர்ந்தது என்று எண்ணுவது நல்லதன்று. பிறந்த குழந்தை ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிக்கும். அதன் பசி, பேருந்து நிலையம் வரும்வரை காத்திராது. திருச்சி–தஞ்சை இருப்புப்பாதையில் பூதலூரில் இறங்கி, திருக்காட்டுப்பள்ளி வழியாகப் பூண்டி மாதா திருத்தலம் செல்லும் தாய், ஓடும் வண்டியில் என்ன செய்வாள்? நியாயவிலைக் கடை வரிசையிலும், அரசு மருத்துவமனைத் தாழ்வாரத்திலும், நடவு வயலின் வரப்பிலும் அறை ஏது? ஆகவே அறையின் பயனை ஓர் உரைகல்லில் உரைத்துப் பார்க்க வேண்டும்: அறைக்குள் செல்ல விரும்பாத, அல்லது செல்ல இயலாத தாய், வெளியிலும் அச்சமின்றி அமர முடிகிறதா? முடியுமானால் அறை அவளுக்கு நாம் தரும் மதிப்பு. "அதுதான் அறை இருக்கிறதே, இங்கே ஏன்?" என்று கேட்கத் துணிவோமானால், அதே அறை ஒரு மறைவிடமாக, ஏன், ஒரு தண்டனையாகவே மாறிவிடுகிறது. 2018இல் கொல்கத்தாவின் பேரங்காடி ஒன்றில் பாலூட்ட இடம் கேட்ட தாயைக் கழிப்பறைக்குச் செல்லச் சொன்ன செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. நாம் உண்ண மறுக்கும் இடத்தில் குழந்தை மட்டும் உண்ண வேண்டும் என்பது எவ்வகை நாகரிகம்?

"நம் பாட்டிமார் நாணத்தோடு முந்தானையால் மூடித்தானே பாலூட்டினர்?" என்று கேட்போர் உண்டு. மூடினர், உண்மைதான். ஆனால் எதற்காக மூடினர் என்பதைக் கேட்டறிந்தால் நம் கருத்து மாறும். 'கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது' என்பது ஊர்ச்சொல். பால் குடிக்கும் பிள்ளைமீது ஊர்க்கண் பட்டுவிடலாகாதே என்னும் பரிவும் அந்த முந்தானைக்குள் இருந்தது. அவர்கள் மூடியது விலைமதிப்பற்ற ஒன்றை. நாம் மூடச் சொல்வது வெட்கத்துக்குரியதாக நாம் கருதும் ஒன்றை. துணி ஒன்றே, பொருள் வேறு. மேலும் அவர்கள் ஒளிந்துகொள்ளவில்லை. திண்ணையிலும், களத்துமேட்டிலும், கிணற்றடியிலும், நால்வர் நடுவே பேசிக்கொண்டே பாலூட்டினர்.

பிள்ளைத்தாய்ச்சியை ஊரின் பொறுப்பாகவே பழந்தமிழ்ச் சமூகம் எண்ணியது. சாலையோரங்களில் இன்றும் நாம் காணும் சுமைதாங்கிக் கற்கள் பல, கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக நடப்பட்டவை. வயிற்றுச் சுமையோடு மாண்டவளுக்காக, வழிப்போக்கர் அனைவரும் தலைச்சுமையை இறக்கி இளைப்பாறும் ஏற்பாடு! ஒரு பெண்ணின் தாய்மைத் துயரைப் பொதுவழியில், எல்லோரும் காண, கல்லாக நாட்டி வைத்த மரபு நம்முடையது.

எனினும் பழமை முழுவதையும் பொன்னாகக் காட்டுவது நேர்மையாகாது. இதே தஞ்சைத் தரணியில் பண்ணையாள் முறை நிலவிய காலத்தில், வரப்போர மரத்தின் தூளியில் பிள்ளை வீறிட்டழ, நாற்று முடியைக் கீழே வைக்க விடை கிடைக்காமல் நின்ற தாய்மாரின் கதைகளை முதியோர் சொல்லக் கேட்கலாம். மார்பில் பால் கட்டி நோக, கண்ணில் நீர் வழிய நட்ட நாற்று அது. தெற்கே திருவிதாங்கூரிலோ மேலாடை அணியும் உரிமையே சில சாதிப் பெண்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. நெடுநாள் நடந்த தோள்சீலைப் போராட்டத்துக்குப் பின்னர், 1859 ஜூலை 26 அன்று வெளியான அரச அறிக்கைதான் அத்தடையைத் தளர்த்தியது. அப்போராட்டத்தில் கிறித்தவம் தழுவிய பெண்கள் முன்னின்றனர் என்பது நாம் மறக்கலாகாத வரலாறு. அன்று 'மூடாதே' என்றது ஊர். இன்று 'மூடு' என்கிறது ஊர். கட்டளை மாறிற்று, கட்டளையிடும் கை மாறவில்லை. மூடுவதும் மூடாதிருப்பதும் அந்தப் பெண்ணின் மானத்தையும் வசதியையும் பொறுத்தவை; அதனை அவளே முடிவு செய்ய வேண்டும் என்பதே அவ்வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம்.

இடையில் வேறு சில மாற்றங்களும் நேர்ந்தன. சேலையின் முந்தானை பாலூட்டும் தாய்க்கு இயல்பாகவே அமைந்த திரை. சுடிதாரில் அந்த வசதி இல்லை. கைப்பேசி தோறும் ஒளிப்படக் கருவி வந்துவிட்டதால், பார்வை என்பது அந்நேரத்தோடு முடிவதுமில்லை. திரைப்படமும் விளம்பரமும் பெண்ணின் மார்பை ஒரே பொருளில் காட்டிக்காட்டி, அதற்கு வேறொரு பொருள் உண்டென்பதையே கண்களுக்கு மறக்கடித்தன. போதாக்குறைக்குப் புட்டி வந்தது. பால்மாவு வணிகத்தின் ஆரவாரத்தைக் கட்டுப்படுத்த 1981இல் உலக சுகாதார மன்றம் நெறிமுறை வகுத்தது. இந்தியா 1992இல் தனிச்சட்டம் இயற்றித் தாய்ப்பாலுக்கு மாற்றான பால்மாவுக்கும் புட்டிக்கும் விளம்பரம் செய்வதைத் தடுத்தது. ஆயினும் மனத்தில் பதிந்த படம் எளிதில் அழிவதில்லை. பல நாடுகளில் பாலூட்டும் அறையின் வாயிலில் அடையாளமாக மாட்டப்படுவதே ஒரு புட்டியின் படம்தான்! தாயை வரையக் கூசிய கை, புட்டியை வரைந்து நிறைவு கொள்கிறது. தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019–21), இந்தியாவில் ஆறு மாதம் நிறையாத குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே பெறுவோர் 63.7 விழுக்காட்டினர். எஞ்சியோர் அதனைப் பெறாமைக்குக் காரணங்கள் பல. வீட்டுக்கு வெளியே கால்வைத்த தாயை உறுத்தும் பார்வையும் அவற்றுள் ஒன்றாக இருக்குமானால், அப்பார்வை வெறும் பார்வையன்று. குழந்தையின் வாயிலிருந்து உணவைப் பறிக்கும் செயல்.

இப்பார்வையை எதிர்த்துக் கேரளத்தில் ஒரு முயற்சி நடந்தது. 2018 மார்ச்சில் 'கிருஹலக்ஷ்மி' என்னும் மலையாள இதழ், மார்பை மறைக்காது குழந்தைக்குப் பாலூட்டும் ஒரு பெண்ணின் படத்தை அட்டையில் வெளியிட்டது. உற்று நோக்காதீர்கள், எங்களுக்குப் பாலூட்ட வேண்டியிருக்கிறது என்று தாய்மார் கேரளத்துக்குச் சொல்வதாக அதன் வாசகம் அமைந்திருந்தது. படத்தில் இருந்தவர் ஒரு நடிகை. அக்குழந்தையின் தாய் அல்லர். ஆபாசம் என்று வழக்குத் தொடரப்பட்டது. ஆபாசம் ஏதுமில்லை என்று கேரள உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நீதிமன்றத்தின் முடிவு சரியே. ஆயினும் கலைநோக்கில் அந்த அட்டைப்படத்தின்மீது நமக்கு ஒரு குறை உண்டு. மெய்யாகப் பாலூட்டும் தாயின் கண்கள் பிள்ளையிடம் இருக்கும், அல்லது களைப்பால் எங்கோ நிலைத்திருக்கும். அட்டைப்படத்துப் பெண்ணோ நம்மையே நேராக நோக்குகிறாள். 'பார்க்காதே' என்று சொல்வதற்காகப் பார்க்க வைக்கும் படம் அது. அறைகூவல் என்ற வகையில் அது வென்றது. தாய்மையின் சித்திரம் என்ற வகையில் குறைபட்டது. ஆனால் அதனினும் நம்மை வருத்துவது வேறு: ஒரு தாய் இயல்பாகச் செய்வதைச் சொல்ல ஓர் இதழ் இவ்வளவு உரக்கக் கூவ வேண்டிய நிலைக்குச் சமூகத்தைக் கொண்டு வந்தவர்கள் நாமல்லவா?

நம் திருச்சபையின் கலைமரபு இத்துறையில் நமக்கு ஒரு துணை. உரோமை நகரின் பிரிசில்லா சுரங்கக் கல்லறையில், குழந்தையை மார்போடு அணைத்த அன்னையின் ஓவியம் ஒன்று உள்ளது. மரியாவைக் காட்டும் மிகப் பழைய ஓவியங்களுள் ஒன்றாக அது கருதப்படுகிறது. பின்னர் பல நூற்றாண்டுகள் ஐரோப்பிய ஓவியர்கள் பாலூட்டும் மரியாவைப் பத்தியோடு தீட்டினர். இறைமகன் மெய்யாகவே மனிதரானார், மற்றக் குழந்தைகளைப் போலப் பசித்தார் என்பதற்கு அதைவிட எளிய மறைக்கல்வி வேறில்லை. 1563இல் திரிதெந்தின் பொதுச்சங்கம் திருவுருவங்களில் இச்சையைத் தூண்டும் அழகுக்கு இடம் தரலாகாது என்று நெறி வகுத்தது. நோக்கம் தூயது. ஆயினும் அதன்பின் வந்த அளவுமீறிய கூச்சத்தில் பாலூட்டும் அன்னையின் படிமமும் மெல்ல மங்கியது. சிஸ்டைன் சிற்றாலயத்தில் மைக்கேலாஞ்சலோ தீட்டிய இறுதித் தீர்ப்பு ஓவியத்தின் உருவங்களுக்கு ஆடை தீட்டி மறைக்கும் பணி 1565இல் நடந்தது. அதே சிற்றாலயத்தில், 2014 ஜனவரியில், ஆண்டவருடைய திருமுழுக்கு விழாவன்று, திருத்தந்தை பிரான்சிஸ் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்தார். குழந்தைகள் பசித்து அழுதால் தயங்காமல் பாலூட்டுங்கள், இங்கே மிக முக்கியமானவர்கள் அவர்களே என்று தாய்மாரிடம் அவர் சொன்னார். உருவத்துக்கு ஆடை தீட்டிய அதே சுவர்களுக்குள், உயிருள்ள தாய்க்கு விடுதலை கிடைத்தது.

திருமறையிலும் இதற்கு ஆதாரம் உண்டு. கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு பெண் குரலெழுப்பி, இயேசுவைச் சுமந்த வயிற்றையும் அவருக்குப் பாலூட்டிய மார்பையும் வாழ்த்தினாள் என்று லூக்கா (11:27) குறிக்கிறார். ஊர் கேட்க வாழ்த்திய அப்பெண்ணை ஆண்டவர் கடிந்துகொள்ளவில்லை. இறைவார்த்தையைக் கேட்டுக் காப்போரின் பேற்றை அதற்கும் மேலாக உயர்த்திக் காட்டினார். திருத்தூதர் பவுல் தம் பணியைப் பாலூட்டி வளர்க்கும் தாயின் கனிவுக்கு ஒப்பிடுகிறார் (1 தெச 2:7). நாம் தஞ்சையிலிருந்து கால்நடையாகச் செல்லும் வேளாங்கண்ணியின் மரபுக்கதையிலும், கையில் குழந்தையோடு வழியில் தோன்றிய அன்னை, பால் சுமந்து வந்த சிறுவனிடம் தன் குழந்தைக்குப் பால் கேட்கிறாள். பசித்த பிள்ளைக்குப் பொதுவழியில் உணவு தேடிய தாயை நாம் திருத்தலம் எழுப்பி வணங்குகிறோம்.

"அடக்கம் பெண்ணுக்கு அணியல்லவா?" என்று இறுதியாகக் கேட்கப்படும். ஆம், அடக்கம் அணிதான். ஆனால் அது கண்ணுக்கும் உரிய அணி. பெண்ணை இச்சையோடு நோக்குவதைப் பற்றி ஆண்டவர் பேசியபோது (மத் 5:28) பொறுப்பை நோக்குபவன்மீதே சுமத்தினார். நோக்கப்படுபவள்மீது ஒரு சொல்லும் சொல்லவில்லை. கண்ணடக்கம் என்னும் பழைய ஞானப்பயிற்சியை நம் வீட்டு ஆண்பிள்ளைகளுக்கு மீண்டும் கற்பித்தால், பாதி அறைகள் தேவைப்படா.

நம் பங்கு ஆலயங்களிலிருந்தே இதனைத் தொடங்கலாம். ஞாயிறு திருப்பலியில் குழந்தை சிணுங்கியவுடன் எழுந்து வெளியேறும் தாய், மறையுரை முடிந்தபின் திரும்பி வருகிறாள். பிள்ளை வளரும்வரை ஓராண்டு, ஈராண்டு அவளுக்கு இறைவார்த்தை வாசற்படியில்தான் கிடைக்கிறது. தனிமை விரும்புவோருக்கு ஆலயத்தின் ஓரத்தில் மின்விசிறியோடு ஓர் இருக்கை; இருந்த இடத்திலேயே பாலூட்ட விரும்புவோருக்குத் திரும்பிப் பாராத அயலார். இவ்விரண்டும் போதும். அன்பியக் கூட்டங்களிலும், திருவிழாக் காலத் தங்குமிடங்களிலும், அன்னதானப் பந்தலிலும் இதே ஒழுங்கைக் கடைப்பிடிக்கலாம். பெரியோர் பசியாறப் பந்தல் போடும் நாம், நம்முள் மிகச் சிறியவர் பசியாறுவதைக் கண்டு முகம் சுளிக்கலாகாது. மூத்த பெண்கள் முணுமுணுப்பதை விடுத்து, "இப்படி உட்காரம்மா, பிள்ளை பசியாறட்டும்" என்று ஒரு சொல் சொன்னால், அச்சொல்லே அந்தத் தாய்க்கு ஒரு சுமைதாங்கி.