அழியாத செல்களும் அவசரமான சில வரிகளும்

ரெபெக்கா ஸ்க்லூட் 2010-இல் வெளியிட்ட ஹென்ரியட்டா லாக்ஸ் வரலாறு, வாசகர்களே, நீங்கள் அவசியம் படிக்கவேண்டிய நூல். 1951-இல் கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்த அப்பெண்ணின் செல்கள் இன்றும் ஆய்வகங்களில் பெருகுகின்றன. குடும்பத்தின் துயரை நிதானமாகச் சொல்லும் ஆசிரியை, வைரஸ் என்றதும் அவசரப்படுகிறார். பி-53 ஜீனை அது நிறுத்திவிட்டதாம்! பௌதிகம் கற்பிக்கும் எனக்கே இது உறுத்துகிறது. ஜீன் நிற்கவில்லை, அது உண்டாக்கும் காவல் புரதத்தை வைரஸின் ஈ-6 புரதம் சிதைக்கச் செய்கிறது. பிறப்புறுப்பு மருக்களை உண்டாக்கும் 6, 11 எண் வகைகளின் ஈ-6 இதில் மிகப் பலவீனமானது; எனவே மரு புற்றாவது அரிது. ஹென்ரியட்டாவிடம் இருந்தது 18-ஆம் வகை. அது பொதுவாக மருவாகத் தலைகாட்டாது. மரு இல்லையே என்று பரிசோதனைக்குப் போகாத பெண்ணுக்காக, இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கலாம்.